சிவப்பு விளக்கும் சின்ன வட்டமும்

தம்பி,

கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுக் கட்டுப்பாட்டை மீறிய கதை ஒன்றை உன்னிடம் சொல்லப்போகிறேன். மீறியவன் வேறு எவனோ அல்லன், நான்தான்!

திருவண்ணாமலையில் பொதுக்கூட்டம். கூட்டம் கலையும்போது இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தோழர்கள் போர்த்திய துண்டுகள் மடியில் கிடக்க, கட்டிய தொண்டையுடன் வேனில் ஏறி அமர்ந்தேன். ஊரை விட்டு வெளியேறும் வழியில் ஒரு நாற்சந்தி. சிவப்பு விளக்கு எரிகிறது. ஓட்டுநர் இடப்புறம் பார்த்தார், வலப்புறம் பார்த்தார். "இந்நேரத்தில் எவன் வரப்போகிறான்?" என்றார். விட்டார் வண்டியை.

வந்தான் ஒருவன். மிதிவண்டியில், பின்னால் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலைச் சந்தைக்கு இரவோடு இரவாகச் சரக்குக் கொண்டு செல்பவன். விளக்கு அவனுக்குப் பச்சை காட்டியது. அந்தப் பச்சையை நம்பி அவன் வந்தான். ஒரு சாண் இடைவெளியில் அவன் உயிர் தப்பிற்று. கூடை கவிழ்ந்தது, சாலையெங்கும் சாமந்தி. எங்களைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குனிந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தான். நாங்களும் இறங்கிப் பொறுக்கினோம். மேடையில் எனக்குப் போர்த்திய துண்டில்தான் அன்று அவன் பூவை அள்ளிக் கொடுத்தேன்.

வண்டியில் ஏழு பேர் இருந்தோம், தம்பி. "நிறுத்துங்கள்" என்று ஒருவர் வாயிலிருந்தும் சொல் வரவில்லை. ஓர் அரைமணி நேரத்துக்கு முன்பு கட்டுப்பாட்டுக்கு இலக்கணம் வகுத்தவனும் வாய் திறக்கவில்லை. குற்றம் ஓட்டுநருடையது என்று கூறித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் அன்றிரவு உறக்கம் வராமல் புரண்டபோது ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அந்தப் பூக்காரன் உயிர், எங்கள் ஏழு பேருடைய ஒழுக்கத்தை மட்டுமே நம்பித் தொங்கிக்கொண்டிருந்ததே, அது நியாயமா? நாங்கள் ஒழுக்கம் தவறினாலும் அவன் சாகாதபடி ஒரு சாலையை அமைக்க முடியாதா?

முடியும். அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. ரவுண்டானா!

தமிழ்ப்பற்றுடையவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வட்டச்சந்தி என்று அழகாகச் சொல்லலாம். நானே இந்தக் கட்டுரையில் அப்படித்தான் சொல்லப்போகிறேன். ஆனால், பேருந்து நடத்துநர் முதல் பூ விற்கும் அம்மையார் வரை ரவுண்டானா என்றுதான் வழங்குகிறார்கள். ஆகவே முதலில் அவர்கள் மொழியில் சொல்லிவிட்டேன்.

சந்தியின் நடுவே ஒரு வட்டத் திட்டு. நான்கு புறமிருந்தும் வருகிற வண்டிகள் அதை நேரே கடக்க முடியாது; இடப்பக்கமாகத் திரும்பி உள்ளே புகுந்து, திட்டை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி, வேண்டிய சாலை வந்ததும் வெளியேற வேண்டும். இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், விளக்கு வேண்டாம். இந்த எளிய ஏற்பாடு எப்படி உயிர் காக்கிறது என்று கேட்பாய். சொல்கிறேன்.

நாடகம் எழுதுகிறவன் அல்லவா, மேடைக் கணக்கிலேயே சொல்கிறேன். பக்கத் திரைகளிலிருந்து நான்கு நடிகர்கள் ஒரே நேரத்தில் ஓடிவந்து, ஒவ்வொருவரும் எதிர்ப்புறத் திரைக்குள் மறைய வேண்டும் என்று காட்சி அமைத்தால் என்ன ஆகும்? ஒத்திகையின் முதல் நாளே மண்டை உடையும். நாற்சந்தி அப்படிப்பட்ட காட்சிதான். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்தியில், வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ளத்தக்க இடங்கள் 32 என்று பொறியாளர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அவற்றில் 16 இடங்களில் ஒன்றின் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டுகிறது. உயிர் குடிப்பவை பெரும்பாலும் அந்தக் குறுக்குவெட்டுகளே. ஒருதட வட்டச்சந்தியில் எண்ணிப் பார்த்தால் மோதத்தக்க இடங்கள் மொத்தமே 8. குறுக்குவெட்டு? ஒன்றுகூட இல்லை! எல்லாரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். மோதினாலும் விலாப்புறம் உரசும். நெற்றிக்கு நேர் நெற்றி முட்டாது.

இரண்டாவது வேகம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விடுவதற்கு முன் படித்தவற்றுள் மனத்தில் தங்கிய வெகுசிலவற்றில் ஒன்று: ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி, 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைப்போல் இரண்டு பங்கு அல்ல, நான்கு பங்கு ஆற்றலோடு மனித உடலைத் தாக்குகிறது. நன்றாக அமைத்த வட்டச்சந்தியில் 25 முதல் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக நினைத்தாலும் வளைவு விடாது. குடித்தவனாயினும், தூங்கி வழிபவனாயினும், பொதுக்கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் பேச்சாளனாயினும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். சிவப்பு விளக்கு கட்டளையிடும். கையைப் பிடித்து நிறுத்தாது. வட்டமோ கட்டளையே இடுவதில்லை. வண்டிச் சக்கரத்தைத் தானே திருப்பிவிடுகிறது.

திருவண்ணாமலைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். மாட வீதியின் முனையில் பெரிய தேர் திரும்பும் வேளையில் பார்த்திருக்கிறாயா? வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் ஆரவாரத்தோடு இழுக்கிறார்கள். எல்லாருடைய கண்ணும் தேரின் உச்சியில். ஆனால் உயிர்கள் யார் கையில் இருக்கின்றன? சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கும் நாலைந்து பேர் கையில்! முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் அரசியலில் வசைச் சொல்லாக்கிவிட்டோம். தேரடியிலோ அதுதான் காவல். இழுப்பவர்களின் நல்லெண்ணத்தை நம்பித் தேரை முனையில் திருப்ப எந்த ஊரும் துணிந்ததில்லை. வட்டத் திட்டு என்பது சந்தியில் நிரந்தரமாகப் போட்டுவைத்த முட்டுக்கட்டை.

இன்னொன்றும் பார். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பக்தியோடு நடப்பவர் உண்டு. உடல்நலத்துக்காக நடப்பவர் உண்டு. கூட்டத்தைப் பார்க்கவென்றே வருபவரும் உண்டு. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. நான் அந்த நடையின் ஒழுங்கை மட்டும் பார்க்கிறேன். மலை எப்போதும் வலக்கைப் பக்கம்; எல்லாரும் ஒரே திசை; எதிர்த்து வருபவர் இல்லை; குறுக்கே வெட்டுபவர் அரிது. களைத்தவர் ஓரம் ஒதுங்கி உட்காருகிறார், மீண்டும் எழுந்து கலந்துகொள்கிறார். இவ்வளவு பெரிய கூட்டத்தை நடத்திச் செல்வது எது? வலம் என்னும் ஒரே விதி! இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வட்டச்சந்தியில் வண்டி சுற்ற வேண்டிய திசையும் அதே வலம்தான். ஊரின் காலுக்குத் தெரிந்த பாடம், ஊரின் சக்கரத்துக்குத்தான் இன்னும் சொல்லித்தரப்படவில்லை.

அந்தக் கால்களை எண்ணித்தான் நான் கவலைப்படுகிறேன். வலம் வரும் வழியின் ஒரு பகுதி செங்கம் சாலை. கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் போகிற பேருந்தும் சரக்கு வண்டியும் ஓடுகிற அதே சாலையின் ஓரத்தில், செருப்பில்லாக் கால்களோடு மூதாட்டிகள் நடக்கிறார்கள். பௌர்ணமியன்று தடுப்பு உண்டு. ஆயிரக்கணக்கில் காவலர் உண்டு. வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு உண்டு. நன்று, பாராட்டுகிறேன். ஆனால் மறுநாள்? தேய்பிறையில் நடப்பவனுக்கு உயிர் இல்லையா? திங்கட்கிழமை காலை பள்ளிக்கு மிதிவண்டியில் போகும் பெண்ணுக்கு எந்தக் காவலர் கைகாட்டுகிறார்? காவலர் வீடு திரும்புவார், விளக்கு அணையும், மின்சாரம் போகும். சாலையின் வடிவம் ஒன்றுதான் எங்கும் போகாமல் அங்கேயே காவல் நிற்கும்.

சற்றுக் கசப்பான கணக்கு ஒன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நம் தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு நடந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம்! சாவு 17,884, நாளொன்றுக்கு 49 பேர். கல்வியில் முந்துகிறோம், தொழிலில் முந்துகிறோம் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், இந்த முதலிடத்தைப் பற்றி எந்த மேடையில் பேசினோம்? நாட்டில் மாண்டோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். கார் வாங்க வசதியில்லாத கூட்டம்தான் பெருமளவில் செத்துக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் இதை வெறும் பொறியியல் செய்தியாக எண்ணாமல் அரசியல் பக்கத்தில் எழுதுகிறேன்.

வட்டச்சந்தி அமைத்தால் எவ்வளவு குறையும்? அமெரிக்காவில் 24 சந்திகளை வட்டமாக மாற்றி, முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2001ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. எல்லா விபத்துகளும் நூற்றுக்கு 38 குறைந்தன. காயம் விளைவிக்கும் விபத்துகள் நூற்றுக்கு 76 குறைந்தன. உயிர் பறிப்பவையும் முடமாக்குபவையும் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன என்று மதிப்பிட்டார்கள். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படி. சின்ன உரசல்கள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. சாவுதான் ஓடி ஒளிந்திருக்கிறது. இந்தியானா மாநிலத்தில் கார்மெல் என்று ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழும் நகரம். 1996 முதல் 2023 வரை மேயராக இருந்த ஜிம் பிரைனார்ட், மாணவப் பருவத்தில் பிரிட்டனில் பார்த்ததை மறவாமல், ஊரெங்கும் 150க்கு மேற்பட்ட வட்டச்சந்திகளைக் கட்டி எழுப்பினார். அவ்வளவு வட்டங்களைக் கட்டிய மனிதரை மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நம் நகர மன்றத்தார் கவனிக்க வேண்டும்.

ஆனால் தம்பி, நடுவில் திட்டு கட்டினால் போதும் என்று எண்ணிவிடாதே. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது; அதைத் தவறவிட்டால் வட்டம் வம்பாகிவிடும். நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டம் 1905ஆம் ஆண்டிலேயே சுற்றுப்பாதையானது. பாரிசில் 1907இல், பிரிட்டனின் லெட்ச்வொர்த் தோட்ட நகரில் 1909இல் வந்துவிட்டது. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் இவற்றுக்குக் கெட்ட பெயர்தான். காரணம், உள்ளே நுழைகிறவன் முந்திக்கொண்டான். உள்ளே இருப்பவன் வெளியேற வழியின்றி நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் நின்றான். வட்டம் முழுவதும் பூட்டுப் போட்டதுபோல் இறுகிற்று. பிரிட்டனில் பிராங்க் பிளாக்மோர் என்ற சாலை ஆராய்ச்சியாளரும் அவரைச் சேர்ந்தோரும் வற்புறுத்தியதன் விளைவாக 1966ஆம் ஆண்டு ஒரு விதி பிறந்தது. உள்ளே சுற்றுபவனுக்கே உரிமை. புதிதாக வருபவன் வாயிலில் காத்திருந்து, இடைவெளி கண்டு நுழைய வேண்டும். ஒரு வரி விதி! பூட்டு திறந்துகொண்டது. பாரிசின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள வட்டத்தில் இன்னும் நுழைபவனுக்கே முதலுரிமை. அங்கே வண்டி ஓட்டுவது ஒரு சாகசம் என்று உலகமே பேசுகிறது.

நம் நாட்டிலும் அந்த விதி இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை தருகின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வட்டச்சந்தி அமைப்பதற்கு 1976இலேயே நெறிமுறை வகுத்து, 2017இல் திருத்தி வெளியிட்டது. ஏடு இருக்கிறது, ஏட்டைப் படித்தவர் எத்தனை பேர்? உரிமம் வாங்க வரும் இளைஞனை எட்டுப் போடச் சொல்கிறோம். வட்டத்தில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று எவராவது கேட்கிறார்களா?

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். "இடம் ஏது?" என்கிறார் ஒருவர். சிறிய சந்திக்குச் சிறிய வட்டம் போதும். வண்ணம் பூசிய மேட்டையே நடுத்திட்டாக வைத்துப் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான சிறுவட்டங்கள் இயங்குகின்றன. "நெரிசல் மிகுந்தால் திணறுமே!" என்கிறார் மற்றவர். உண்மை, மறுக்கவில்லை. சென்னை ஜெமினி வட்டம் நெரிசல் தாளாமல்தான் 1973இல் மேம்பாலத்துக்கு இடம் கொடுத்தது. மாநகரின் பெருஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் இடங்களுக்கு இது மருந்தன்று. இருதட மூன்றுதட வட்டங்கள் ஒருதட வட்டத்தைப்போல் அவ்வளவு பாதுகாப்பானவையும் அல்ல. பார்வையற்றவர்களுக்கு வண்டி நிற்குமா நிற்காதா என்று ஓசையால் அறிவது கடினம் என்ற குறையும் மெய்யானது. அவர்களுக்கெனத் தனி ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் எனக்குச் சினமூட்டுவது. "நம் ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது ஐயா, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரிப்படும்!" ஒழுங்குள்ள மக்களுக்கு விளக்கே போதுமே! ஒழுங்கு தவறுகிறவன் இருக்கிறான் என்பதற்காகத்தானே வட்டம் கேட்கிறோம்! நோயாளி இருக்கிறான், ஆகவே மருத்துவமனை வேண்டாம் என்பதா வாதம்? கோயம்புத்தூரில் லாலி ரோடு சந்திப்பில் விளக்கை அணைத்துவிட்டு வட்டம் அமைத்தார்களே, அங்கே ஓட்டுகிறவர்கள் நம் ஜனங்கள் இல்லையா? விளக்கருகே காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று என்று வண்டியோட்டிகள் மகிழ்ந்தார்கள். அதே கோவையில், விளக்கில்லாச் சந்திகளில் நடந்து கடப்பவனுக்கு வழி எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. வண்டி தங்குதடையின்றி ஓடுவதற்காக மட்டும் வட்டம் போட்டால் நடப்பவன் நசுங்குவான். வாயிலுக்கு ஒரு வண்டி நீளம் பின்னால் கடக்கும் கோடு வேண்டும். வரும் தடத்துக்கும் போகும் தடத்துக்கும் நடுவே ஒரு திட்டு வேண்டும். பாதி கடந்து, அங்கே நின்று, மூச்சு வாங்கி, மறுபாதி கடக்கலாம். கைத்தடியோடு வரும் கிழவர் ஒரு பக்கம் பார்த்தால் போதும், இரு பக்கமும் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இந்தத் திட்டை விட்டுவிட்டுக் கட்டுகிற வட்டம் அரைகுறை வட்டம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வட்டத்தைக் கண்டால் நம்மவர்களுக்குச் சிலை நினைவு வந்துவிடுகிறது! நடுத்திட்டு உயர்ந்து நிற்பதில் தவறில்லை; எதிர்ப்புறம் நேரே தெரியாதிருந்தால் ஓட்டுபவன் வேகத்தைக் குறைப்பான். ஆனால் மக்கள் அங்கே போகக் கூடாது. நாமோ பிறந்தநாளென்றும் நினைவுநாளென்றும், ஏணியும் மாலையும் ஒலிபெருக்கியுமாக ஓடும் வண்டிகளுக்கு இடையே புகுந்து திட்டை அடைகிறோம். எல்லாக் கட்சிக்காரர்களும் செய்கிறோம். பொதுச்சாலையில் போக்குவரத்துக்கு இடையூறாகச் சிலையோ கட்டுமானமோ எழுப்ப அனுமதிக்கலாகாதென 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றமே ஆணையிட்டது. தலைவர்களைப் போற்றப் பூங்கா இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. வட்டத்தின் வாயிலில் பதாகை கட்டி, வருகிற வண்டியை மறைத்துவிட்டு, அந்தப் பதாகையில் "மக்கள் தொண்டன்" என்று எழுதுவது எவ்வளவு பெரிய கேலி! வாயிலை ஒட்டிப் பேருந்து நிறுத்தமும் ஆட்டோ நிறுத்தமும் கூடாது என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆயிற்று. வேலூர், அவலூர்ப்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்ப்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி என்று தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் சாலைகள் ஊரை நோக்கி வருகின்றன. இவை புறவழிச்சாலையையும் வலம்வரும் சாலையையும் தொடுகிற சந்திகள் எத்தனை? எந்தெந்தச் சந்தியில் எத்தனை பேர் மாண்டார்கள், எந்த நேரத்தில், எந்த வண்டியால்? காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கிறது கணக்கு. அதை மாநகராட்சி மன்றத்தின் மேசைமீது வைக்கச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர்கள் கேட்கட்டும். மாற்றுக் கட்சியார் முந்திக்கொண்டு கேட்டால் நாம் வழிமொழிவோம்.

கோடிக்கணக்கில் திட்டம் தீட்டி, அடிக்கல் நாட்டி, மூன்றாண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. சாவு மிகுந்த ஒரே ஒரு சந்தியைத் தேர்ந்தெடுக்கட்டும். மணல் நிரப்பிய தார் டிரம்களை வட்டமாக அடுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, "உள்ளிருப்போருக்கு வழிவிடு" என்று நான்கு வாயிலிலும் பலகை வைக்கட்டும். முதல் இரண்டு வாரம் காவலர் நின்று பழக்கட்டும். பௌர்ணமி இரவுகளில் டிரம்களை உருட்டி ஓரம் வைத்துவிட்டு, இப்போதுபோலவே தடுப்பும் காவலும் நடக்கட்டும்; இலட்சம் பேர் நடக்கும் இரவுக்கு எந்த வட்டமும் ஈடுகொடுக்காது. ஆறு மாதம் பார்க்கட்டும். டிரம்களில் படும் கீறல்களையும் மருத்துவமனைக்கு வருவோர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணட்டும். கணக்கு நல்லதென்றால் கல்லால் கட்டலாம். அல்லவென்றால் டிரம்களைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்த மாதம் மீண்டும் அதே ஊரில் எனக்குக் கூட்டம் இருக்கிறது. பேச்சை ஒன்பது மணிக்கு முடித்துக்கொள்கிறேன் என்று தோழர்களுக்கு எழுதிவிட்டேன். ஓட்டுநரிடமும் சொல்லியிருக்கிறேன். மன்றத்தில் வைக்க வேண்டிய மனு ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சந்தியின் பக்கம் குடியிருப்பவர்களிடம் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும். நீ அந்த ஊர்க்காரன் என்றால், கூட்டத்துக்குச் சற்று முன்னதாக வா.